விசைப்படகு கியர்பாக்ஸ் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது?

கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் சரி, புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் சரி, விசைப்படகின் கியர்பாக்ஸ் தகராறு செய்தால் முதலில் வரும் பேச்சு, "பெட்டியை இறக்கிடலாம்ணே" என்பதுதான். இறக்கிப் பார்த்தால் கிளட்ச் பிளேட் கருகியிருக்கும், ஒரு பேரிங் போயிருக்கும். மாற்றிப் பூட்டுவார்கள். கொஞ்ச நாளில் அதே பழுது திரும்ப வரும். ஏனென்றால் பிளேட்டைக் கருக்கிய காரணம் பெட்டிக்கு உள்ளே இல்லை. சரியாக இழுக்காத கேபிள், சேறு அடைத்த கூலர், நேர்கோட்டில் இல்லாத புரொப்பெல்லர் ஷாஃப்ட், இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் தேய்ந்துபோன ரப்பர், இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் பெட்டியைத் திறப்பதைக் கடைசி வேலையாக வைத்து இதை எழுதுகிறேன்.

இது ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் பிரஷரால் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது) வைத்த ரிடக்‌ஷன் கியர்பாக்ஸுக்கு. நாட்டுப்படகில் போடும் லாங் டெயில், அவுட்போர்டு இன்ஜின்களுக்குப் பொருந்தாது.

கையில் வேண்டியவை: ஆயில் பிரஷர் கேஜ், தூரத்திலிருந்து சூடு காட்டும் லேசர் தெர்மாமீட்டர், ஷாஃப்ட் சுற்றை அளக்கும் டாக்கோமீட்டர், ஃபீலர் கேஜ், ஒரு காந்தம், வெள்ளைத் துணி. பெட்டியின் தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் ரேஷியோவையும் (இன்ஜின் எத்தனை சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும் என்ற கணக்கு) எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடலின் கையேடு வேண்டும். பிரஷர் எவ்வளவு, ஆயில் எது, ஆயில் அளவுகோலை (டிப்ஸ்டிக்கை) இன்ஜின் ஓடும்போது பார்ப்பதா நிறுத்திப் பார்ப்பதா என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும்.

வேலை தொடங்குமுன் ஒன்று. சுற்றும் ஷாஃப்ட் பக்கம் லுங்கியோடும் தோளில் துண்டோடும் போகாதீர்கள். பெட்டியையும் ஷாஃப்டையும் இணைக்கும் கபிளிங்கின் போல்ட்டில் துணி மாட்டினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. ஷாஃப்டைத் தொடும் எந்த வேலைக்கும் இன்ஜினை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். படகு கட்டியிருக்கும்போது கியர் போட்டுச் சோதிப்பதானால் முன்னும் பின்னும் கயிறு இறுக்கமாக இருக்கட்டும், புரொப்பெல்லர் பக்கம் தண்ணீரில் யாரும் இல்லை என்று ஒருவர் நின்று பார்க்கட்டும்.

## இன்ஜின் சுற்று ஏறுகிறது, படகு போகவில்லை

அதிகம் வருகிற பழுது இதுதான். மடி வலை இழுக்கும்போதுதான் முதலில் தெரியும், ஏனென்றால் அப்போதுதான் முழு பாரமும் கிளட்ச் மேல் விழுகிறது. இன்ஜின் ரூமில் இறங்கி ஷாஃப்டைப் பாருங்கள்.

ஷாஃப்ட் சரியான சுற்றில் சுற்றுகிறது என்றால் கியர்பாக்ஸ் மேல் குற்றம் இல்லை. இதைக் கண்ணால் முடிவு செய்யாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேஷியோ 2.96, இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் ஷாஃப்டில் 507 வர வேண்டும். வந்தால் கிளட்ச் பிடித்திருக்கிறது. அப்புறம் படகின் அடியில் கொட்டலசு (ஒட்டுச் சிப்பி) ஏறியிருக்கிறதா, புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கிறதா, இறக்கை மடங்கியிருக்கிறதா என்று ஆளை முங்கவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஷாஃப்ட் வேகமாகச் சுற்றியும் தள்ளுவிசையே இல்லை என்றால் புரொப்பெல்லர் கழன்றிருக்கலாம், அதன் சாவி (ஷாஃப்டோடு சேர்ந்து சுற்ற வைக்கும் சிறு இரும்புத் துண்டு) வெட்டுப்பட்டிருக்கலாம்.

பெட்டியின் ஃபிளேஞ்ச் (கபிளிங்கின் வட்டத் தட்டு) சுற்றுகிறது, ஷாஃப்ட் நிற்கிறது என்றால் கபிளிங் சாவியோ போல்ட்டோ போயிருக்கிறது. இதற்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் சாவி சும்மா வெட்டுப்படாது. முகத்துவாரத்தில் மணல் திட்டில் அடித்ததா, வலை சுற்றி நின்றதா என்று டிரைவரிடம் கேளுங்கள். அடி பட்டிருந்தால் கீழே அதிர்வு பற்றிச் சொன்ன சோதனைகளையும் செய்துவிட்டே கடலுக்குப் போக வேண்டும்.

ஷாஃப்ட் சுற்றுகிறது, ஆனால் கணக்கை விடக் குறைவு, அல்லது சுற்றவே இல்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது அல்லது பிடிக்கவே இல்லை. வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கேபிள். பெட்டியின் லீவரிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். ஒருவர் லீவரைக் கையால் முன்பக்கம் முழுவதும் தள்ளட்டும், இன்னொருவர் கன்ட்ரோலில் நிற்கட்டும். கையால் தள்ளும்போது பிடித்து, கேபிளில் பிடிக்கவில்லை என்றால் கேபிள் பாதி தூரம்தான் இழுக்கிறது என்று பொருள். உப்புக் காற்றில் உறை வீங்கி உள்கம்பி துருப்பிடிப்பது இங்கே வழக்கம். பாதி பிடித்த கிளட்ச்சோடு மடி இழுத்தால் பிளேட் கருகிவிடும். சில நூறு ரூபாய் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியை இறக்கும் நிலைக்கு வருவது இப்படித்தான்.

அடுத்து ஆயில். அளவு குறைந்திருந்தாலும் நழுவும், கூடியிருந்தால் நுரைத்தும் நழுவும். என்ன ஆயில் ஊற்றினார்கள் என்பதையும் கேளுங்கள். பல மாடல்களுக்கு எஸ்ஏஇ 30 அல்லது 40 டீசல் இன்ஜின் ஆயில்தான் வேண்டும். "கியர்பாக்ஸ்தானே" என்று லாரிக்கு ஊற்றும் 90 கியர் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அதில் கிளட்ச் சரியாக வேலை செய்யாது.

அப்புறம் ஸ்ட்ரெய்னரும் (ஆயில் வடிகட்டும் வலை) ஃபில்டரும். கழற்றி டீசலில் கழுவுங்கள். என்ன வந்தது என்பதை வெள்ளைத் துணியில் தட்டி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது பிரஷர் கேஜ். ஆயில் சூடான பிறகு, முன் கியரிலும் பின் கியரிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

- இரண்டிலும் பிரஷர் குறைவு: பிரஷர் வால்வில் தூசி மாட்டியிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அளக்கலாம். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்துப் பிரஷரை ஏற்றும் வேலை வேண்டாம். அது பழுதை மறைக்கும், சீலை உடைக்கும்.
- ஒரு கியரில் மட்டும் குறைவு: அந்தப் பக்கத்து பிஸ்டன் சீல் ரிங் கசிகிறது. பெட்டி திறக்க வேண்டும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
- குளிர்ச்சியில் சரி, சூடானதும் குறைகிறது: முதலில் கூலர், அப்புறம்தான் பம்ப்பும் சீல் ரிங்கும்.
- பிரஷர் முழுவதும் இருக்கிறது, ஆனாலும் நழுவுகிறது: பிளேட் தேய்ந்துவிட்டது. இதுவும் மெக்கானிக் வேலை.
- பிரஷர் பூஜ்யம், ஆயில் நிறைய இருக்கிறது: பம்ப்பைத் திறக்குமுன் ஃபிளைவீலுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள ரப்பர் கபிளிங்கைப் பாருங்கள். அது அறுந்திருந்தால் இன்ஜின் ஓடும், பெட்டியின் உள்ஷாஃப்ட் சுற்றாது, பம்ப்பும் சுற்றாது. பம்ப்பின் மேல் பழி போட்டுப் புதிது வாங்கிப் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

## பெட்டி அதிகமாகச் சூடாகிறது

கை வைத்துப் பார்ப்பது போதாது. லேசர் தெர்மாமீட்டரால் ஆயில் கூலருக்குப் போகும் குழாயிலும், திரும்பி வரும் குழாயிலும், பேரிங் இருக்கும் இடங்களிலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். பல பெட்டிகளுக்கு 75 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் ஆயிலின் மேல் எல்லை இருக்கும். உங்கள் கையேடு சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி முழுவதும் சமமாகச் சூடு, இரண்டு குழாய்களுக்கும் வித்தியாசமே இல்லை என்றால் கூலர் வேலை செய்யவில்லை. நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் முகத்துவாரம். உப்பனாற்று வாயிலும் தேங்காய்த்திட்டு வாயிலும் மணல் தூர்ந்து, தண்ணீர் குறைவான நேரத்தில் புரொப்பெல்லர் கிளப்பும் சேற்றையும் மணலையும் கடல் தண்ணீர் பம்ப் அப்படியே இழுக்கிறது. பம்ப்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லரின் இறக்கை தேய்கிறது, பிய்கிறது. பிய்ந்த துண்டும் சேறும் போய்க் கூலரின் மெல்லிய குழாய்களின் வாயில் உட்காருகின்றன.

பார்க்க வேண்டிய வரிசை: வெளியே வரும் தண்ணீர் பழைய வேகத்தில் வருகிறதா, உறிஞ்சும் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, அதன் வலையில் பாலிதீன் மாட்டியிருக்கிறதா, இம்பெல்லரில் எல்லா இறக்கையும் இருக்கிறதா, கடைசியாகக் கூலரின் இரண்டு மூடிகள். இம்பெல்லரில் ஓர் இறக்கை இல்லை என்றால் அந்தத் துண்டு கையில் கிடைக்கும்வரை தேடுங்கள். புது இம்பெல்லர் போட்டுவிட்டுத் துண்டைக் கூலரில் விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. கூலர் குழாய்களை மெல்லிய மரக்குச்சியாலோ நைலான் பிரஷ்ஷாலோ குத்திச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். குழாயில் ஓட்டை விழுந்தால் அடுத்த அறிகுறிக்குத்தான் போவீர்கள்.

கூலர் சரியாக இருந்தும் சூடு என்றால் கிளட்ச் நழுவுகிறதா என்று மேலே சொன்ன சுற்றுக் கணக்கைப் போடுங்கள். ஒரே ஓர் இடம் மட்டும், ஒரு பேரிங் பக்கம் மட்டும் மற்ற இடங்களை விடத் தெளிவாகச் சூடாக இருந்தால் படகை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இன்னும் ஒரு தடவை கடலுக்குப் போய் வந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். உடைந்த பேரிங் பல்லுக்குள் விழுந்தால் பெட்டியே மிஞ்சாது.

## ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது, அல்லது அளவு மாறிக்கொண்டே இருக்கிறது

வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால், அடுப்பில் காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர்தான்.

எங்கிருந்து வந்தது? பில்ஜில் (படகின் அடித்தளத்தில்) தண்ணீர் நிறைய நின்றதா என்று முதலில் கேளுங்கள். கபிளிங் ஃபிளேஞ்ச் தண்ணீரை வாரி இறைத்தால் பின் ஆயில் சீல் வழியாக உள்ளே போகும். பில்ஜை இறைத்து, சீலை மாற்றினால் முடிந்தது. அளவுகோல் துளையின் மூடியும், மூச்சுக்குழாயும் மழைத்தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அதெல்லாம் இல்லை என்றால் கூலர் ஓட்டை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஓடும்போது ஆயிலின் பிரஷர் கடல் தண்ணீரை விட அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகும். வெளியேறும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரியும், பெட்டியில் அளவு குறையும். நிறுத்திய பிறகு தண்ணீர் ஆயிலுக்குள் வரும். எனவே மாலையில் குறைந்து காலையில் கூடியிருக்கும் அளவுகோல் கூலரைத்தான் காட்டுகிறது. இரவு முழுக்க படகை அசையாமல் விட்டு, காலையில் இன்ஜின் போடுமுன் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும்.

கூலரைக் கழற்றி, ஆயில் பக்கம் ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் அதற்குரிய அளவுக்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். குமிழி வரும் குழாய்தான் ஓட்டை. அதை மட்டும் இரு பக்கமும் அடைத்து ஓட்டுவது வழக்கம். ஒன்றிரண்டு என்றால் சரி. அதற்கு மேல் அடைக்க வேண்டியிருந்தால் புதுக் கூலர் வாங்குங்கள். கூலரில் துத்தநாகக் கட்டை போடும் வசதி இருந்தால் அது கரைந்து தீர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

ஓட்டையை அடைத்ததோடு நிறுத்தக்கூடாது. வெளுத்த ஆயிலை அன்றைக்கே வடித்து, புது ஆயில் ஊற்றி, பாரம் இல்லாமல் ஓட்டி, மறுபடி வடியுங்கள். நிறம் தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். உப்புத் தண்ணீரோடு ஒரு வாரம் கிடந்த பெட்டியில் பேரிங் எல்லாம் துருப்புள்ளி விழுந்துவிடும். அப்படிக் கிடந்திருந்தால், சத்தம் வராவிட்டாலும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கி எடுத்த படகுக்கும் இதுதான்.

## ஐடிலில் கடகட சத்தம், வேகம் ஏற்றினால் நின்றுவிடுகிறது

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் பல் உடைந்துவிட்டது என்று பயந்து பெட்டியை இறக்குபவர்கள் அதிகம். வேகம் ஏற்றினால் மறைகிறது என்றால் அது பல் உடைந்த சத்தமாக இருப்பது அரிது. டீசல் இன்ஜின் ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்புக்கும் ஷாஃப்டை முறுக்கி முறுக்கி விடுகிறது. குறைந்த சுற்றில் அந்த முறுக்கு பற்களை முன்னும் பின்னும் தட்ட வைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத்தான் நடுவில் ரப்பர் கபிளிங் இருக்கிறது.

முதலில் ஐடிலை (பாரம் இல்லாமல் ஓடும் குறைந்த சுற்றை) கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். சத்தம் போனால் நல்லது. போகவில்லை என்றால் இன்ஜின் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் முறுக்கு இன்னும் மோசமாகும், அந்த அடியெல்லாம் ரப்பருக்கும் பல்லுக்கும் போகும். எந்த சிலிண்டர் என்பதை டீசல் பம்ப் தெரிந்த ஆளை வைத்துக் கண்டுபிடியுங்கள். இன்ஜெக்டர் குழாயிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும், கையை நீட்டாதீர்கள்.

அதற்கும் அடுத்தது ரப்பர். ரப்பர் கபிளிங்கை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் ஜன்னலைத் திறந்து டார்ச் அடியுங்கள். அடியில் கருப்பு ரப்பர்ப் பொடி கிடந்தால் ரப்பர் தேய்கிறது. ஒரு பிளாக் மட்டும் உடைந்திருந்தாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பாரம் சமமாகப் பகிராது, புதியது முதலில் போகும். கருப்புப் பொடியோடு எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் இன்ஜினின் பின் சீலோ பெட்டியின் முன் சீலோ கசிகிறது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப்போய்விடும்.

புது ரப்பரும் சீக்கிரம் தேய்கிறது என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். இன்ஜினை மாற்றிவிட்டுப் பழைய பெட்டியை வைத்துக்கொண்ட படகுகளில் இதை மறுபடி மறுபடி பார்க்கிறேன். லாரி இன்ஜின் ஒன்றை வாங்கி, அடாப்டர் தகடு கடைந்து, கபிளிங்கை எப்படியோ பொருத்திவிடுகிறார்கள். போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டதாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு இன்ஜின், கபிளிங், பெட்டி, ஷாஃப்ட், புரொப்பெல்லர் கூட்டுக்கும் ஏதோ ஒரு சுற்றில் முறுக்கு அதிர்வு உச்சத்துக்குப் போகும். பழைய இன்ஜினில் அந்தச் சுற்று நீங்கள் ஓட்டாத இடத்தில் இருந்திருக்கும். புது இன்ஜினில் அது மடி இழுக்கும் சுற்றிலேயே வந்து உட்கார்ந்திருக்கலாம்.

தற்காலிகமாகச் செய்யக்கூடியது: மெதுவாகச் சுற்றை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் சத்தமும் நடுக்கமும் கூடுகிறது என்று டாக்கோமீட்டரில் குறித்து, அந்த எல்லையில் நிற்காமல் தாண்டி ஓட்டுவது. நிரந்தரத் தீர்வு, அந்தக் கூட்டுக்கு முறுக்கு அதிர்வுக் கணக்குப் போட்டு, சரியான கடினத்தில் கபிளிங் தேர்ந்தெடுப்பது. அது பட்டறையில் நடக்காது. கபிளிங் அல்லது கியர்பாக்ஸ் தயாரிப்பாளரின் பொறியாளரிடம் இன்ஜின் தகடு, பெட்டியின் தகடு இரண்டிலும் உள்ள விவரத்தைக் கொடுங்கள்.

கூடவே தாங்கும் திறனையும் பாருங்கள். கியர்பாக்ஸின் திறனை ஒரு சுற்றுக்கு எத்தனை கிலோவாட் என்றுதான் சொல்வார்கள். 0.09 என்று போட்டிருந்தால் 1500 சுற்றில் 135 கிலோவாட், அதாவது சுமார் 180 குதிரைத்திறன். ஒரே மாடலிலும் ரேஷியோ கூடினால் இந்த எண் குறையலாம். தமிழ்நாட்டில் 240 குதிரைத்திறனுக்கு மேல் போட விதி இடம் தராது. ஆனால் விதிக்கு உட்பட்ட இன்ஜினே உங்கள் பழைய பெட்டிக்கு அதிகமாக இருக்கலாம்.

## அதிர்வு, கிளாண்டில் தண்ணீர் அதிகம் கொட்டுகிறது

கிளாண்ட் என்பது ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் பகுதி. முதலில் புரொப்பெல்லரில் வலை இல்லை என்று உறுதி செய்யுங்கள். அடுத்து இன்ஜின் அஸ்திவார போல்ட்டுகள், பெட்டியின் கால் போல்ட்டுகள். இவை தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டு அலைன்மென்ட்டை (பெட்டியும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இருப்பதை) மறுபடி பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட்டைப் படகு தண்ணீரில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கரையேற்றிய படகில், கட்டை மேல் நிற்கும்போதே அலைன்மென்ட் முடித்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தண்ணீரில் இறக்கியதும் உடல் வேறு மாதிரி வளையும், மரப்படகில் இன்னும் அதிகம். இறக்கி ஒரு நாளாவது மிதக்க விட்டு, டீசல் ஏற்றிய பிறகு பாருங்கள்.

கபிளிங் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட் தொங்காமல் தாங்கல் கொடுத்து, இரண்டு முகத்துக்கும் நடுவில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் ஃபீலர் கேஜ் விடுங்கள். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபிளேஞ்சுக்கு அதிக இடைவெளிக்கும் குறைந்த இடைவெளிக்கும் வித்தியாசம் 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறகு பெட்டியின் ஃபிளேஞ்சை அசையாமல் பிடித்து ஷாஃப்டை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளங்கள். அதிக இடைவெளி அதே பக்கத்திலேயே நின்றால் அலைன்மென்ட் தவறு, ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரி செய்யலாம். ஷாஃப்டோடு சேர்ந்து நகர்ந்தால் ஷாஃப்டோ அதன் ஃபிளேஞ்சோ கோணல். கோணலை ஷிம்மால் சரி செய்ய முடியாது. ஷாஃப்டை லேத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் படகைக் கரையேற்ற வேண்டும்.

அலைன்மென்ட்டைச் சரி செய்யாமல் கிளாண்ட் பேக்கிங்கை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் தண்ணீர் நிற்கும், ஷாஃப்ட் தேய்ந்து பள்ளம் விழும், பெட்டியின் பின் பேரிங் போகும். ஓடும்போது கிளாண்டில் சில சொட்டுகள் விழத்தான் வேண்டும்.

## கியர் போட்டால் 'டங்' என்று அடிக்கிறது, நியூட்ரலில் படகு ஊர்கிறது

ஐடில் அதிகம், அல்லது டிரைவர் சுற்றைக் குறைக்காமல் மாற்றுகிறார். இல்லையென்றால் கேபிள் நியூட்ரலில் நடுவில் நிற்கவில்லை. இரண்டும் சரி என்றால் ரப்பர் கபிளிங், ஷாஃப்ட் சாவி. காலையில் ஆயில் குளிர்ச்சியாக இருக்கும்போது லேசாக ஊர்வது இயல்பு. சூடான பிறகும் ஊர்ந்தால் பிளேட் வளைந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

## தடைக்கால வேலைக்குப் பிறகு புதிதாகப் பேரிங் சத்தம்

இரும்புப் படகில் வெல்டிங் செய்தார்களா என்று கேளுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டாமல் எங்கோ மாட்டினால் மின்சாரம் ஷாஃப்ட் வழியாக, பெட்டியின் பேரிங் வழியாகப் போய், உருளைகளில் புள்ளி புள்ளியாகப் பொசுக்கிவிடும். பேரிங்கை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்ட்ரெய்னரில் எடுத்து வைத்த துணியையும் இப்போது பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு காந்தத்தில் கொஞ்சம் ஒட்டுவது சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக, ஊசி ஊசியாக இரும்பு இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் கிளட்ச் பிளேட்டிலிருந்தோ வெண்கலப் புஷ்ஷிலிருந்தோ வருகிறது. இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் நீங்களே செய்யும் வேலை அதோடு முடிந்தது. அந்தத் துணியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள், பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும்.

## நடுக்கடலில் கிளட்ச் போய்விட்டது

பல ஹைட்ராலிக் பெட்டிகளில் முன் கியரை இரும்பாகவே பூட்டிவிடும் அவசர போல்ட்டுகள் இருக்கும். எங்கே இருக்கின்றன, எந்த ஸ்பேனர் வேண்டும் என்பதைக் கரையில் இருக்கும்போதே கையேட்டைப் பார்த்து, ஒருமுறை கை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். இன்ஜினை நிறுத்தி, எல்லா போல்ட்டையும் சமமாக இறுக்க வேண்டும். அதன் பிறகு நியூட்ரல் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்த கணமே படகு நகரும். வலையைத் தூக்கிவிட்டு, குறைந்த சுற்றில், ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

பூட்டிய பெட்டியோடு முகத்துவாரத்துக்குள் நுழையாதீர்கள். அலை பின்னால் தள்ளும்போது, மணல் திட்டு பக்கத்தில் இருக்கும்போது, ரிவர்ஸ் இல்லாத படகைக் காப்பாற்ற வழியில்லை. வெளியிலேயே நங்கூரம் போட்டு, வாக்கி டாக்கியில் இன்னொரு படகைக் கூப்பிட்டு, கயிறு போட்டு வாருங்கள்.

இழுத்து வரும்போது புரொப்பெல்லர் தானாகச் சுற்றும். இன்ஜின் நின்றிருப்பதால் பெட்டியின் பம்ப் ஓடாது, ஆயில் போகாமல் பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும். சின்ன பழுதோடு கிளம்பிய பெட்டி கரைக்கு வரும்போது முழுப் பழுதாகிவிடுவது இதனால்தான். கயிறு இழுபடுமுன் ஷாஃப்ட் கபிளிங்கைப் பைப் ரெஞ்சாலோ மரக்கட்டையாலோ முட்டுக் கொடுத்து, படகின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கரைக்கு வந்து இன்ஜினைத் தொடுமுன் அந்த முட்டும் கட்டும் அவிழ்த்தாயிற்றா என்று கட்டியவரே பார்க்க வேண்டும்.